மாறும் பிறப்புக் கதைகள்: சூப்பர்மேன் முதல் மேக்னிட்டோ வரை

நம் பிள்ளைகள் பனியனிலும் புத்தகப் பையிலும் சுமந்து திரியும் சூப்பர்மேன், பேட்மேன், கேப்டன் அமெரிக்கா முதலியோரை வெறும் விளையாட்டுச் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அவர்களைப் பிள்ளைகள் மூலமாகத்தான் அறிந்தேன். பிறகு அவர்களை உருவாக்கியவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்த வண்ணப் பக்கங்களுக்குப் பின்னால் ஊர்விட்டு ஊர் வந்த ஒரு சமூகத்தின் வரலாறு இருப்பது தெரிந்தது. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்திருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் அதை அறிந்துகொள்வது நல்லது என்பதால் இக்கட்டுரை.

அமெரிக்கக் காமிக்ஸ் கதாநாயகர்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அவர்கள் பிறந்த கதை அடிக்கடி மாறும். நம் ஊர்க் கோயில்களின் தலபுராணம் தலைமுறைக்குத் தலைமுறை வளர்வதுபோல, புதிய எழுத்தாளர் வரும்போதெல்லாம் நாயகனின் பெற்றோரும் ஊரும் இளமைப் பருவமும் திருத்தி எழுதப்படும். இந்தத் திருத்தங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒரு சமூகம் தன் பெயரை எப்போது மறைத்தது, எப்போது வாய்விட்டுச் சொன்னது என்பது விளங்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

சூப்பர்மேன் ஒரு யூதன் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். அப்படிப் பேசும்போது மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. படைத்தவர் யார் என்பது ஒன்று. கதையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது. வாசகர் அதில் எதைக் காண்கிறார் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியே சலித்து எடுக்கப் பழகினால் பாதி வாதங்கள் தாமே அடங்கிவிடும். இக்கட்டுரை முழுவதும் அந்த முறையையே பின்பற்ற முயல்கிறேன்.

கிளீவ்லண்ட் நகரத்து இரண்டு இளைஞர்கள்

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு நண்பர்கள். இருவரும் 1914ஆம் ஆண்டு பிறந்தவர்கள். இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகலின் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். ஷூஸ்டர் கனடாவின் டொரான்டோவில் பிறந்தவர். அவருடைய தந்தை ஹாலந்திலிருந்தும் தாயார் உக்ரைனின் கீவ் நகரிலிருந்தும் வந்தவர்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில் பள்ளிக்கூடத்தில் இருவரும் நண்பர்களானார்கள். இருவருமே மூக்குக்கண்ணாடி அணிந்த, கூச்ச சுபாவமுள்ள பையன்கள். கிளார்க் கென்ட் என்ற மூக்குக்கண்ணாடிப் பத்திரிகையாளனை யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று நாம் அதிகம் தேட வேண்டியதில்லை.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளியான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கங்களுக்கு 130 டாலர் பெற்றுக்கொண்டு, தங்கள் நாயகனின் உரிமை முழுவதையும் அந்த இளைஞர்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் வறுமையில் வாடி, பத்திரிகைகளில் முறையிட்டு, 1975ஆம் ஆண்டில்தான் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் பெற்றார்கள். கதாநாயகனின் பெயர் உலகெங்கும் ஒலித்த காலத்தில் படைத்தவர்கள் தங்கள் பெயருக்காகவே போராட வேண்டியிருந்தது.

அந்த முதல் இதழில் சூப்பர்மேனின் பிறப்பு ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அழியப்போகும் தூரத்துக் கிரகம் ஒன்றிலிருந்து ஒரு விஞ்ஞானி தன் கைக்குழந்தையை விண்கலத்தில் வைத்து அனுப்புகிறார். பூமியில் வழிப்போக்கர் ஒருவர் கண்டெடுத்து அநாதை விடுதியில் சேர்க்கிறார். அவ்வளவுதான். கிரகத்துக்கு அங்கே பெயர்கூட இல்லை. நாயகனுக்குப் பறக்கவும் தெரியாது, தாவ மட்டும்தான் தெரியும். கிரிப்டான் என்ற பெயர் 1939இல் நாளிதழ்ச் சித்திரத் தொடரில் வந்தது. கென்ட் தம்பதியர் வளர்ப்புப் பெற்றோராக வந்ததும் அந்த ஆண்டில்தான்.

கூடையும் விண்கலமும்

இங்கேதான் வாசகர் தம் கற்பனையை ஓடவிடுகிறார். ஆபத்திலிருந்து காப்பாற்றக் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து அனுப்புவது யூதர்களின் வேதத்தில் மோசஸின் கதை. நைல் நதியில் மிதந்து வந்த அக்குழந்தை அரசகுமாரியால் வளர்க்கப்பட்டு, பின்னாளில் தன் மக்களை மீட்டது. ஆகவே சூப்பர்மேன் மோசஸின் மறுவடிவம் என்கிறார்கள்.

பொருத்தம் அழகானது. ஆனால் அதைச் சான்றாகக் கொள்ளலாமா? பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனை நாம் அறிவோம். பண்டைய அக்காத் நாட்டு மன்னன் சார்கோனுக்கும் இத்தகைய கதை உண்டு. கூடைக் குழந்தை பல நாட்டுக் கதைகளுக்கும் பொதுச்சொத்து. 1978ஆம் ஆண்டு வெளியான சூப்பர்மேன் திரைப்படத்தில் தந்தை தன் ஒரே மகனைப் பூமிக்கு அனுப்புவதைப் பார்த்த கிறிஸ்தவ அன்பர்கள் பலர் அதில் ஏசுநாதரைக் கண்டார்கள். கதை ஒன்றுதான், பார்ப்பவர் வேறு.

இன்னொரு வாதமும் உண்டு. சூப்பர்மேனின் கிரிப்டான் பெயர் கால்-எல். எபிரேய மொழியில் 'எல்' என்றால் கடவுள். எனவே பெயரிலேயே யூத அடையாளம் பொதிந்திருக்கிறது என்பார்கள். ஆனால் 1939ஆம் ஆண்டுத் தொடரில் சீகல் எழுதியது ஆங்கிலத்தின் 'எல்' என்ற ஒற்றை எழுத்து மட்டுமே. அது ஈரெழுத்துச் சொல்லாக விரிந்தது 1942இல் ஜார்ஜ் லௌதர் என்ற வேறொருவர் எழுதிய நாவலில். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலித்தாலும் சான்று என்ற அளவில் இரண்டும் ஒன்றல்ல. பின்னால் வந்த வேரை ஆதி விதையில் தேடக் கூடாது.

அப்படியானால் கதையில் யூத வாழ்வின் சாயலே இல்லையா என்றால், இருக்கிறது. அது மறைபொருளில் இல்லை, கண்ணெதிரே இருக்கிறது. வேற்றிடத்தில் பிறந்தவன், பிறந்த இடம் அழிந்தவன், இரண்டு பெயர்களோடு வாழ்பவன், வெளியே சாதாரண அமெரிக்கனாகத் தெரிவதற்கு அன்றாடம் பாடுபடுபவன். குடியேறிகளின் பிள்ளைகள் இதைத் தம் வீட்டிலேயே கண்டிருப்பார்கள்.

ஏன் இத்தனை யூதர்கள்?

1880களிலிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் தையல் வேலை, கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்பிள்ளைகளில் வரையத் தெரிந்தவர்கள் பெரிய விளம்பர நிறுவனங்களிலும் உயர்தர வாரப் பத்திரிகைகளிலும் வேலை தேடியபோது, யூதர் என்பதால் பல கதவுகள் திறக்கவில்லை. அக்காலத்தில் காமிக்ஸ் மட்டமான தொழில் என்று கருதப்பட்டது. மதிப்பில்லாத தொழிலில் போட்டி குறைவு. பதிப்பாளர்களிலும் பலர் யூதர்கள். ஆகவே அங்கே இடம் கிடைத்தது.

பேட்மேனை 1939இல் உருவாக்கிய பாப் கேன், இயற்பெயர் ராபர்ட் கான். அவருடன் உழைத்த பில் ஃபிங்கரும் யூதரே. பேட்மேனின் தோற்றத்திலும் கதையிலும் ஃபிங்கரின் பங்கு பெரிது. ஆயினும் படைத்தவர் வரிசையில் அவர் பெயர் முறையாக இடம்பெற்றது 2015ஆம் ஆண்டில்தான், அவர் இறந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு. கேப்டன் அமெரிக்காவை ஜோ சைமனுடன் சேர்ந்து படைத்த ஜாக் கர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். ஸ்டான் லீயின் இயற்பெயர் ஸ்டான்லி மார்ட்டின் லீபர்.

இவர்கள் எல்லோரும் யூத அடையாளத்தை மறைக்கவே பெயர் மாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரிய நாவல் ஒன்றை எழுதும்போது பயன்படுத்தத் தம் சொந்தப் பெயரைப் பத்திரப்படுத்தி வைத்ததாக லீ கூறியிருக்கிறார். சீகலும் ஷூஸ்டரும் பெயரை மாற்றவே இல்லை. ஆனாலும் அமெரிக்கக் காதுக்கு உறுத்தாத பெயரே தொழிலுக்கு நல்லது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. படைத்தவர்கள் தங்கள் நாயகர்களுக்கும் அப்படிப்பட்ட பெயர்களையே சூட்டினார்கள்: கென்ட், வெய்ன், ரோஜர்ஸ்.

இதை நாம் சற்றே புரிந்துகொள்ள முடியும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டு வாழ்ந்த நாம், இவ்வூர்ப் பள்ளி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நின்றவர்கள்தானே. ஆனால் நம் சங்கடம் பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். அவர்களுடையது அப்படி முடியவில்லை.

ஹிட்லரின் முகத்தில் ஒரு குத்து

கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1941 மார்ச் மாதத் தேதியிட்டு, 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்துவிட்டது. அட்டைப்படத்தில் நாயகன் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். நாடு தயங்கி நின்ற ஓராண்டுக்கு முன்பே இரண்டு யூத இளைஞர்கள் தம் தரப்பைச் சொல்லிவிட்டார்கள். அதற்காக மிரட்டல் கடிதங்கள் வந்ததைச் சைமன் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கர்பி பிறகு ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுப் போர்முனையிலும் நின்றார்.

ஆனால் கதையின் நாயகன் ஸ்டீவ் ரோஜர்ஸ் யூதன் இல்லை. பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்களும் உடையவன். பின்வந்த கதைகள் அவனை அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் மகன் என்றன. யூதர்கள் தங்கள் கோபத்தை இன்னொருவன் கையால் வெளிப்படுத்த வேண்டியிருந்தது.

சூப்பர்மேன் விஷயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1940 பிப்ரவரியில் 'லுக்' பத்திரிகைக்காகச் சீகலும் ஷூஸ்டரும் இரண்டு பக்கக் கதை ஒன்று தந்தார்கள். சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான். அவ்வாண்டு ஏப்ரலில் நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய வார இதழ், சீகலை யூதர் என்று குறிப்பிட்டு இழிவுபடுத்தி ஒரு கட்டுரையே வெளியிட்டது. சூப்பர்மேன் கதையில் எங்கும் சொல்லப்படாத அடையாளத்தைப் பகைவன் உரக்கச் சொல்லிவிட்டான். பெயரை நாம் மறைத்தாலும் வெறுப்பவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மேக்னிட்டோவின் பிறப்பு

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த பாத்திரத்துக்கு வருகிறேன். 1963இல் லீயும் கர்பியும் 'எக்ஸ்-மென்' என்ற தொடரைத் தொடங்கினார்கள். பிறவியிலேயே அபூர்வ சக்தி பெற்றதால் உலகம் வெறுக்கும் இளைஞர்களின் கதை அது. அதில் வில்லன் மேக்னிட்டோ, காந்த சக்தியால் இரும்பை ஆட்டிவைப்பவன். தொடக்கத்தில் அவனுக்கு முன்கதை ஏதுமில்லை. உலகை ஆள ஆசைப்படும் வழக்கமான கொடியவன்.

1975 முதல் இத்தொடரை எழுதிய கிறிஸ் கிளேர்மாண்ட் 1981ஆம் ஆண்டு வெளியான 150ஆம் இதழில் அதை மாற்றினார். சண்டையில் மேக்னிட்டோ கிட்டி பிரைட் என்ற சிறுமியை அடித்து வீழ்த்துகிறான். 1980இல் அறிமுகமான கிட்டி, கழுத்தில் தாவீதின் நட்சத்திரம் அணிந்த, வெளிப்படையாகவே யூதப் பெண்ணாகப் படைக்கப்பட்டவள். அவள் இறந்துவிட்டாள் என்று நினைக்கும் கணத்தில் மேக்னிட்டோ உடைந்துபோகிறான். தான் சிறுவயதில் ஆஷ்விட்ஸ் மரண முகாமில் இருந்ததையும், தன் குடும்பத்தை அழித்தவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டதையும் அவன் உணர்கிறான். ஒரே காட்சியில் வில்லன் மனிதனாகிவிட்டான்.

கவனியுங்கள்: ஆஷ்விட்ஸ் என்ற பெயர் சொல்லப்பட்டது, அவன் யூதன் என்ற சொல் அப்போது வெளிப்படையாக வரவில்லை. அந்த இடைவெளியில் 1990களில் வேறொரு கதை நுழைந்தது. 1993இல் அவன் பெயர் எரிக் லென்ஷர் என்றும், அவன் ஜிப்சி எனப்பட்ட ரோமா மக்களின் சிந்தி கிளையைச் சேர்ந்தவன் என்றும் எழுதினார்கள். ரோமா மக்களும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்களே. அவர்களுக்கான முகாம் 1944 ஆகஸ்டில் ஒரே இரவில் அழிக்கப்பட்டது. அவர்களுடைய மொழி இந்திய மண்ணில் கிளைத்தது என்பதால் அவர்கள் துயரம் நமக்கும் அந்நியமில்லை. ஆனால் இந்த மாற்றம் அவர்கள் வரலாற்றைச் சொல்வதற்காக வந்ததாகத் தெரியவில்லை. யூத வாசகர்கள் தங்களிடமிருந்து ஒன்று பிடுங்கப்பட்டதாக வருந்தினார்கள். 1997இல் அந்தப் பெயர் போலி ஆவணத்தில் வாங்கியது என்று இன்னொரு கதை எழுதிச் சமாளித்தார்கள்.

2008இல் கிரெக் பாக் எழுதத் தொடங்கிய 'மேக்னிட்டோ: டெஸ்டமென்ட்' என்ற ஐந்து இதழ்த் தொடர் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. அவன் மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்ற ஜெர்மானிய யூதச் சிறுவன். பள்ளியில் அவமதிப்பு, நூரம்பெர்க் சட்டங்கள், வார்சா, ஆஷ்விட்ஸ் என்று நடந்த வரலாற்றின் படியே கதை செல்கிறது. அந்தத் தொடரில் அவனுடைய மாயசக்தி ஏறத்தாழத் தலைகாட்டுவதே இல்லை. இரும்பை வளைத்து முகாமிலிருந்து தப்பினான் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதியிருந்தால் தப்ப முடியாமல் இறந்தவர்களுக்கு அது அநீதியாகியிருக்கும்.

சொல்லாமல் விட்ட சொல்

அடையாளத்தைச் சொல்வதற்குத் தயக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு ஒரு சான்று. 1998இல், சூப்பர்மேனின் 60ஆம் ஆண்டில், அவன் வார்சா நகரின் யூதச் சேரிக்குச் செல்வதாக ஒரு கதை வந்தது. நாஜிகளின் கொடுமையைக் காட்டிய அக்கதையில் 'யூதர்' என்ற சொல்லே இல்லை. குழந்தைகள் அதை வசைச் சொல்லாகப் பயன்படுத்தக்கூடும் என்று தவிர்த்தார்களாம். யூத அமைப்புகள் கண்டித்தன. கம்பெனி வருத்தம் தெரிவித்தது. கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லாமல் கொலையை மட்டும் சொன்னால், அதுவும் ஒருவகை அழிப்பாகிவிடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து வேறு விதமாக ஒன்று நடந்தது. 1961இல் லீயும் கர்பியும் படைத்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவில் பென் கிரிம் என்பவன் பாறை உடம்புக்காரன். 'திங்' என்பது அவனது பட்டப்பெயர். அவன் வளர்ந்த யான்சி தெரு, நியூயார்க் கீழ்க்கிழக்குப் பகுதியின் டிலான்சி தெருவை நினைவூட்டுவது. கர்பி அவனைத் தம் சாயலாகவே கருதினார். 1970களில் ஹனுக்கா பண்டிகை வாழ்த்துக்காக, பாறை உடம்பின் மேல் யூதர்களின் தொழுகைச் சால்வையோடு அவனை வரைந்தும் இருக்கிறார். ஆனால் தொடரில் அவன் மதம் 40 ஆண்டுகள் பேசப்படவில்லை.

2002இல் கார்ல் கெசல் எழுதிய கதையில் பென் பழைய தெருவுக்குத் திரும்புகிறான். சிறுவயதில் தான் திருடிய தாவீதின் நட்சத்திரத்தை அடகுக்கடைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். நடந்த சண்டையில் பெரியவர் வீழ்ந்து கிடக்க, பென் தட்டுத்தடுமாறி ஷெமா என்னும் எபிரேயப் பிரார்த்தனையைச் சொல்கிறான். கண்விழித்த பெரியவர், யூதன் என்பதை வெளியே சொல்லாதது வெட்கத்தாலா என்று கேட்கிறார். வெட்கமில்லை, யூதர்கள் எல்லோரும் தன்னைப் போன்ற அரக்கர்கள் என்று உலகம் நினைத்துவிடக் கூடாதே என்கிறான் பென். அதற்குப் பெரியவர் கோலத்தின் கதையை நினைவூட்டுகிறார். நம் வாசல் கோலம் அல்ல. 'கோலம்' என்பது யூதர் கதையில் மக்களைக் காக்கக் களிமண்ணால் செய்யப்பட்ட உருவம். அது அரக்கன் இல்லை, காவலன். 2018இல் பென் யூத முறைப்படி மணப்பந்தலின் கீழ் திருமணமும் செய்துகொண்டான்.

மாறாத ஒன்று

இதுவரை பார்த்ததைத் தொகுத்துச் சொல்கிறேன். காமிக்ஸில் யாருக்கும் வயதாவதில்லை. ஆகவே பிறப்புக் கதையைக் காலத்துக்கேற்ப நகர்த்துவார்கள். அயர்ன் மேன் 1963இல் வியட்நாமில் காயம்பட்டான். 2008 திரைப்படத்தில் அது ஆப்கானிஸ்தான் ஆயிற்று. பென் கிரிம் தொடக்கத்தில் இரண்டாம் உலகப்போர் விமானி. பிறகு அந்தப் போர் ஓசையில்லாமல் நீங்கிவிட்டது. சூப்பர்மேனையே 1986இல் ஜான் பைர்ன் பூமியில் பிறந்தவனாக ஆக்கினார்: விண்கலத்தில் வந்தது கருவைச் சுமந்த கலம் மட்டுமே. வந்தேறி ஒரே வீச்சில் அமெரிக்காவில் பிறந்தவனாகிவிட்டான். 2003இல் மார்க் வெய்ட் அவனை மறுபடியும் கைக்குழந்தையாகவே அனுப்பி, தன் முன்னோரைத் தேட வைத்தார்.

மேக்னிட்டோவை மட்டும் இப்படி நகர்த்த முடியவில்லை. ஆஷ்விட்ஸ் முகாம் 1945 ஜனவரியில் விடுவிக்கப்பட்டது. அந்தத் தேதியை எந்த எழுத்தாளரும் தள்ளிவைக்க முடியாது. அவன் வயது கணக்குக்கு ஒத்துவராதபோது கதாசிரியர்கள் அவனை இளமையாக்கும் மந்திர தந்திரங்களைத் தேடினார்களே தவிர, முகாமை மாற்றவில்லை. 2000ஆம் ஆண்டுத் திரைப்படமும் 1944இன் போலந்து முகாம் வாசலில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவனோடுதான் தொடங்குகிறது. கற்பனையில் பிறந்ததை எப்படியும் மாற்றலாம். வரலாற்றில் வேரூன்றிய பிறகு கதையும் வரலாற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். யூத அடையாளம் காமிக்ஸுக்குத் தந்த கனம் இதுவே என்பது என் துணிபு.

சீகலும் கர்பியும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாயகனைத்தான் கொடுக்க முடிந்தது. தங்கள் பெயரை அவனுக்குக் கொடுக்க முடியவில்லை. அடுத்த தலைமுறை அந்தப் பெயரைக் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு 40, 60 ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தாத்தாவின் ஊர் எது, ஏன் அங்கிருந்து கிளம்பினோம், நம் பெயருக்குப் பொருள் என்ன என்பதை இன்றே அவர்களிடம் சொல்லிவைப்போம்.

பிள்ளைகளோடு பேசுவதற்கு

1. உனக்குப் பிடித்த நாயகனைப் படைத்தவர் யார்? அவருடைய பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள்?
2. அந்த நாயகனின் பிறப்புக் கதை எத்தனை முறை மாறியிருக்கிறது? மாற்றத்தால் எதைப் பெற்றோம், எதை இழந்தோம்?
3. சூப்பர்மேன், மோசஸ், கர்ணன் மூவர் கதைகளிலும் ஒத்தது எது, ஒவ்வாதது எது?
4. வார்சா கதையில் 'யூதர்' என்ற சொல்லை விட்டது சரியா? நீ ஆசிரியராக இருந்தால் என்ன செய்திருப்பாய்?
5. உன் பெயரை யார் வைத்தார்கள்? வெளியே அதை யாராவது சுருக்கியோ மாற்றியோ அழைத்தால் நீ என்ன சொல்கிறாய்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவசரப்பட்டுத் திருத்தாமல், பெரியவர்கள் முழுவதும் கேட்க வேண்டுகிறேன்.